மின்னும் மூக்குக்கண்ணாடிக்கு எதிரே ஒரு குடை

அன்புள்ள வாலு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நேரத்துக்குத் தூங்குகிறேன், வெளியே போகும்போது காதை மூடிக்கொள்கிறேன் என்று நீ சொன்னதையெல்லாம் உன் அம்மா நம்பிவிட்டாள், நான் நம்பவில்லை, ஆனாலும் சுகமாகத்தான் இருப்பாய் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அம்மாவின் கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது, என் ரத்த அழுத்தம் அலுவலகம் போகாத நாட்களில் ஒழுங்காக இருக்கிறது. இதைக் கைப்பேசியில் சொல்லாமல் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புவதற்குக் காரணம் உண்டு. பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் இரண்டு திருத்தம் சொல்வாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் உனக்கு ஒரு குடைக் கதை சொல்லப்போகிறாள். அதில் உன் அப்பா கோமாளியாக வருவார். அதற்கு முன்னால் நடந்தது நடந்தபடி உன் கையில் இருக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

ஸ்லைடை உனக்கு நினைவிருக்கும். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது மின்சுற்று வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து நின்ற பயிற்சிப் பொறியாளன். மேல் எது கீழ் எது என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்தவன் நான். இன்று மாநகராட்சியின் பருவநிலைப் பிரிவுக்கு அவன் தலைவன், தெருவிளக்குப் பிரிவில் நான் அதே நாற்காலியில், ஒரு சக்கரம் மட்டும் கழன்றுபோய். எதைக் கேட்டாலும் திரையில் படம் ஓட்டித்தான் பதில் சொல்வான் என்பதால் அவனுக்கு ஸ்லைடு என்று பெயர் வைத்தேன், என் பணிக்காலத்தில் நான் தொடங்கி எந்த எதிர்ப்பும் இல்லாமல் அலுவலகம் முழுக்க நிறைவேறிய ஒரே திட்டம் அதுதான். இப்போது நகரத்துக்குப் பருவநிலைத் திட்டம் ஒன்று தயாராகிறது. மாநகராட்சி எரிக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு தெருவிளக்குக்கே போகிறது, ஆகவே முதல் வேலையாக மஞ்சள் சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டுவது, வெளிச்சத்தை வானத்துக்கு வாரி இறைக்காமல் தரைக்கு மட்டும் அனுப்புவது, ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகு தானாக மங்கச் செய்வது, மிச்சமாகும் மின்சாரத்தில் விளக்கே பார்க்காத சந்துகளுக்கு விளக்குப் போடுவது. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? இதே நான்கையும் உனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த காலத்தில் நான் சொன்னேன். அன்றைக்கு இருந்த மேலதிகாரி, விளக்கை மங்க வைத்தா நம்மளக் கஞ்சன்னு சொல்லுவாங்கய்யா, போய் எரியாத பல்பை மாத்துற வழியைப் பாரு என்றார். இப்போது ஸ்லைடும் என்னுடைய அந்த நான்கையேதான் சொன்னான், திரையின் மூலையில் ஒரு பச்சை இலையைப் போட்டு. எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆக இத்தனை வருஷமும் நான் தோற்றது ஒரு இலை இல்லாமல்.

முதலில் ஒரு கடைத்தெருவில் சோதனை செய்து பார்ப்பது, மேயரும் மன்ற உறுப்பினர்களும் நேரில் வந்து பார்த்துத் திருப்தியானால் நகரம் முழுக்க விரிப்பது, இல்லாவிட்டால் திட்டத்தை அலமாரியில் வைத்துப் பூட்டுவது என்று முடிவாயிற்று. வரைபடம் என் மேஜைக்கு வந்தது. தெரு முழுவதற்கும் ஒரே ஒரு ஒளி உணரி, அதாவது பொழுது சாய்ந்துவிட்டது என்று கண்டுபிடித்து விளக்குகளைப் போடும் கண். அதை முதல் கம்பத்தின் உச்சியில் பொருத்தியிருந்தார்கள். அந்தக் கம்பத்துக்கு நேர் எதிரே யார் தெரியுமா, நம் கண்ணாடிக்கடைக்காரர். அவர் கடை மாடியில் ஒரு லாரி அகலத்துக்கு மூக்குக்கண்ணாடி வடிவத்தில் ஒளிரும் பலகை இருக்கிறதே, அது மாலையில் எரியத் தொடங்கினால் அந்த உணரிக்குப் பொழுதே சாயாது. நடுப்பகல் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதைக் கூட்டத்தில் சொன்னேன். ஸ்லைடு சிரித்தான், சார், அதெல்லாம் சைட்ல பாத்துக்கலாம், நீங்க எப்பவும் ஒரு ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க, கொஞ்சம் பெரிய படத்தைப் பாருங்க என்றான். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குக் கீழே வேலை செய்பவனும் சிரித்தான். சரி, பெரிய படத்தையே பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு வந்த நாட்களில் நான் எவ்வளவு உற்சாகமாக இருந்தேன் என்பதை உன் அம்மாவே சொல்வாள். காலையில் சவரம் செய்யும்போது பாட்டெல்லாம் பாடினேன்.

இதற்கு நடுவில்தான் உன் அம்மா விழுந்தாள். சுகாதார நிலையத்தில் மாலை முறை முடிந்து, பேருந்தை விட்டு இறங்கி, பட்டறைகளின் பின்சுவரை ஒட்டிய நம் சந்து வழியாக வரும்போது சாக்கடை மூடி பெயர்ந்த இடத்தில் கால் மடங்கிவிட்டது. தெருவிளக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன் வீட்டுச் சந்தில் ஒரு விளக்குக்கூட இல்லை என்பதை அவள் காலைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அகலம் போதாது, அதனால் அது கணக்கில் தெருவே இல்லை, தெரு இல்லாத இடத்துக்குத் தெருவிளக்கு கிடையாது என்று விதியை நான் எத்தனை முறை விளக்கினாலும் அவள் காலைத்தான் காட்டுவாள்.

திறப்பு விழா அன்று அவளையும் அழைத்துப் போனேன். வேடிக்கையைத் தனியாகப் பார்ப்பதில் என்ன சுகம்? அவள் தன் பெரிய கறுப்புக் குடையைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். மேடையில் ஸ்லைடு, பொத்தானை யாரும் அழுத்த வேண்டாம், இருட்டே வந்து அழுத்தும் என்று முழங்கிக்கொண்டிருந்தான். அவசரத்துக்குக் கையால் போடும் சுவிட்சு ஒன்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பெட்டியை உள்ளே வைத்துத்தான் மேடையையே கட்டியிருந்தார்கள், மேயர் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார். நான் மகிழ்ச்சி தாங்காமல் உன் அம்மாவின் காதில், பார்த்துக்கொண்டே இரு, இன்றைக்கு ஒரு விளக்கும் எரியாது என்றேன். அவள் முகம் செத்துவிட்டது. ஏன் எரியாது என்றாள். சொன்னேன். இதை எப்போதிருந்து தெரியும் என்றாள். அதையும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அப்போதுதான் அவள் உடைத்தாள். கட்டுப்போட்ட காலோடு அவளே ஸ்லைடைப் போய்ப் பார்த்திருக்கிறாள். என்னிடம் சொல்லாமல், என் அலுவலகத்துக்கே, என் மாடிக்கு மேல் மாடிக்கு! அவன் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, அக்கா, அகலத்தை வைத்து அது தெருவா இல்லையா என்று முடிவு செய்யும் விதியையே திட்டத்தில் எடுத்துவிட்டேன், இன்றைக்கு இது எரிந்துவிட்டால் இரண்டாம் கட்டத்தில் முதல் விளக்கு உங்கள் சந்துக்குத்தான் என்று எழுதியே கொடுத்திருக்கிறான். எரியாவிட்டால் அந்தச் சந்தில் நானும் இன்னும் நாலு பொம்பளைங்களும் இன்னொரு கால் ஒடியிறவரைக்கும் நடக்கணும், தெரிஞ்சுக்கிட்டே வேடிக்கை பாக்க வந்தீங்களா என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள்.

வானம் வேகமாகக் கறுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கடைக்குள் ஓடினேன். அந்த மனிதருக்கும் எனக்கும் பேச்சு இல்லை, நீ அறிவாய். அவர் தந்த கண்ணாடியில் எனக்குப் படிக்கட்டெல்லாம் இரண்டாகத் தெரிந்தபோது கடை நிறைய ஆள் இருக்கையில், நீ முதலில் உன் கண்ணைச் சோதித்துக்கொள் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். பலகையைக் கொஞ்ச நேரம் அணையுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எனக்குத்தான் கண்ணு தெரியாதே சார், சுவிட்ச் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும் என்றார். கெஞ்சலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், கௌரவம் விடவில்லை. மாடிக்கு வேணும்னா போங்க, காத்து வாங்கறதுக்கு நான் தடை சொல்ல மாட்டேன் என்று அவரே படியைக் காட்டினார். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா நொண்டிக்கொண்டே பின்னால் வந்து குடையை நீட்டுகிறாள். அவள் நினைத்தாளா, நான் நினைத்தேனா என்பதில் எங்களுக்குள் இன்னும் தகராறு. நான்தான்.

பலகையின் இரண்டு வட்டங்களுக்கும் நடுவில், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றேன். கம்பம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. குடையை விரித்துக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டி, வெளிச்சத்துக்கும் உணரிக்கும் நடுவே பிடித்தேன். மழை இல்லை, வெயில் இல்லை. கீழே மேயர் இருட்டைப் பற்றி இரண்டாவது முறையாகப் பேசத் தொடங்கியிருந்தார். ஸ்லைடு வானத்தைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தான், நெற்றியில் வேர்வை மேலிருந்தே தெரிந்தது, அதைக் கொஞ்சம் ரசித்தேன் என்பதை மறைப்பானேன். மின்னல் வெட்டுக்கெல்லாம் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த உணரி உடனே முடிவெடுக்காது, நன்றாக யோசிக்கும், எங்கள் மேலதிகாரிகளைப் போல. குடையை இரண்டு முறை கை மாற்றிய பிறகுதான் அது இருட்டை ஒப்புக்கொண்டது. தெரு முழுக்க வெளிச்சம் ஓடியது. சொல்லக் கூடாது, அழகாக இருந்தது. ஒரு பொட்டு வெளிச்சம் மேலே வரவில்லை, அத்தனையும் தரையில், நான் அன்றைக்குக் கோடு போட்டுக் காட்டியது போலவே. கூட்டம் ஆர்ப்பரித்தது. குடையை மடக்கலாம் என்று பார்த்தால் முடியாது, மடக்கினால் மறுபடி பகல் ஆகிவிடும். உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொண்டு, கை குலுக்கி, வண்டி ஏறும்வரை அப்படியே நின்றேன். யாரோ ஒரு குழந்தை என்னைக் காட்டி, அம்மா அந்த மாமா ஏன் மழையே இல்லாம குடை பிடிச்சிருக்காரு என்று கேட்டது. ஸ்லைடும் அப்போதுதான் அண்ணாந்து பார்த்தான். பேச்சு பாதியில் நின்றது. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்த நாளில் இருந்த அதே முகம்.

எல்லாரும் போன பிறகு மாடிக்கு வந்தான். இறக்குங்க சார் என்றான். இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் தெரு முழுதும் அணைந்தது. இருவரும் அந்த ராட்சச மூக்குக்கண்ணாடியின் வெளிச்சத்தில் நின்றோம். சொல்லியிருக்கலாமே சார் என்றான். சொன்னேன், சிரித்தாய் என்றேன். இன்னொரு வாட்டி சொல்லியிருக்கலாமே என்றான். அதற்குத்தான் இன்னும் சரியான பதில் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் எழுதுகிறேன். மறுநாள் உணரியைப் பலகைக்கு முதுகு காட்டி வடக்குப் பார்த்துத் திருப்பி வைத்தேன். திட்டம் மன்றத்தில் நிறைவேறியது. இரண்டாம் கட்டத்துக்கு விளக்கு வைக்கும் பொறுப்பு எனக்கு என்று உத்தரவு வந்தது, என் பெயருக்குப் பின்னால் படிப்பை விட்டுவிட்டார்கள், திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஸ்லைடை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. அந்த இலைக்கு அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

உன் அம்மாதான் விஷயம். விழாவுக்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. சுவரைப் பார்த்து, சோப்பு தீர்ந்துபோச்சு என்பாள். சுவரா போய் வாங்கிவரும், நான்தான் போவேன். நான் ஏதாவது கேட்டால் பக்கத்து அறைக்குப் போய் அங்கிருந்து பதில் வரும், அதுவும் பதிலாக இருக்காது, பெருமூச்சாக இருக்கும். இந்த லட்சணத்தில் சந்துக்கு விளக்கு வந்தது. சுவரில் விளக்கைத் தாங்கும் மூன்று இரும்புக் கை பொருத்தினோம், ஆள் வந்தால் பிரகாசமாகவும் போனால் மங்கலாகவும் எரியும் வகை, பெயர்ந்த சாக்கடை மூடியையும் வேறு பிரிவின் ஆளைப் பிடித்துச் சண்டை போட்டு மாற்ற வைத்தேன். ஒவ்வொரு கையின் கோணத்தையும் நானே ஏணியில் ஏறிப் பார்த்தேன், நீ திட்டுவாய் என்று தெரியும். நேற்று மாலை முதல் தடவையாக எரிந்தது. நான் வாசலில் நிற்கவில்லை, நின்றால் பாராட்டுக்குக் காத்திருக்கிறான் என்பாள் என்று உள்ளே உட்கார்ந்து செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டேன். அவள் காலடிச் சத்தம் கேட்டது. சந்து முழுக்க ஒரே சீராகக் கேட்டது, தட்டித் தடவி நின்று வரும் சத்தம் இல்லை. உள்ளே வந்தாள், பையை வைத்தாள், செருப்பைக் கழற்றினாள். பிறகு, என்னங்க, அந்த ரெண்டாவது விளக்கு கண்ணைக் குத்துது, கொஞ்சம் குனிய வையுங்க என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஏணியைத் தேடினேன். இப்பவேவா, நாளைக்குப் பாத்துக்கலாம், வாங்க சாப்பிட என்றாள். அதையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நீ எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் உன் கால் வைக்கும் இடம் உனக்குத் தெரியட்டும், உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும் என்று வாழ்த்துகிறேன். உன் அறையில் நீ இல்லாதபோது விளக்கை அணைக்கிறாயா? பல் மருத்துவரைப் பார்த்துவிட்டாயா? இரண்டுக்கும் ஆம் என்று வந்தால் ஒன்றைத்தான் நம்புவேன். முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்லும்போது இப்போதுதான் கேட்பதுபோல் கேள், சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரி, குடை யார் யோசனை என்று மட்டும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
நேற்றிரவு வயிறு நிறையச் சாப்பிட்ட
உன் அப்பா