நான் சொல்லாமல் விட்ட வரி

ஜூலை 8
கரீமா கூட்டிவந்த சினிமா ஆள் முதலில் அம்மாவின் வளையல்களைப் பார்த்தார். பிறகுதான் என் முகத்தை. டச்சுக்காரர் காலத்துக் கதையைச் சினிமாவாக எடுக்கிறார்களாம். கோட்டையில் வேலை செய்யும் மீனவப் பெண்ணாக நடிக்க ஒருத்தி வேண்டுமாம். ஞாயிறு பொன்னேரியில் தேர்வு என்று வசனம் எழுதிய ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். வளையலை ஏன் பார்த்தார்?

ஜூலை 9
தாளில் கடைசியாக டச்சுத் துரை அந்தப் பெண்ணைக் கேட்கிறார்: "உன் தகப்பன் எங்கே?" நான் சொல்ல வேண்டியது: "கடலில் செத்துப்போனான், துரையே."

நைனா கடலுக்குப் போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. உடல் கிடைக்கவில்லை. அதனால் அம்மா பொட்டை அழிக்கவில்லை, வளையலைக் கழற்றவில்லை. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோதுகூட அம்மா, "நைனா வர்ற வரைக்கும்தான்" என்றாள்.

நைனாவைப் பற்றி இந்தச் சினிமா ஆளுக்கு யார் சொன்னது?

ஜூலை 10
கரீமாதான். அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தவள் அவள்தானே? நான் நிஜமாகவே அழுவேன் என்று சொல்லியிருப்பாள். சிநேகிதியாம்! இன்று மீன் ஏலத்தில் கூப்பிட்டாள்: "இன்னாடி ஹீரோயினி, கண்ணு தெரியலியா?" நான் திரும்பவில்லை.

ஜூலை 11
கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அம்மா, "சொல்லிக் காட்டு" என்றாள். கடைசி வரியை விட்டுவிட்டுச் சொன்னேன்.

"அவ்ளோதானா? துரை கேட்டதுக்கு பதிலே இல்லியேடி."

"அவ்ளோதாம்மா."

என்னையே பார்த்தாள். அவளுக்கும் சந்தேகம்.

ஜூலை 12
கரீமா கடலோரமாக வந்தாள். படகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஜூலை 13
பொன்னேரியில் வரிசையில் நின்ற எல்லோர் கையிலும் அதே தாள்! கரீமா கையிலும். அதே வரி.

"எங்க வாப்பா கல்லு மாதிரி வூட்ல குந்திகினு கீறாரு. நான் எங்கடி போயி அழுவறது?" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். இவளா சொல்லியிருப்பாள்? சீ.

அந்தச் சினிமா ஆள் நடிகர்களுக்கு உடை தைக்கும் பெண்ணிடம் என் அம்மாவின் கண்ணாடி வளையல்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். படத்துக்கு அந்த மாதிரி வேண்டுமாம். அவ்வளவுதான்.

உள்ளே போனேன். கடைசி வரி வாயில் வரவில்லை. "உன் தகப்பன் எங்கே?" என்று மறுபடி கேட்டார்கள்.

சொன்னேன். அழவில்லை.

ஜூலை 16
போன் வந்தது. என்னை எடுத்துக்கொண்டார்களாம்.

அம்மா சிரிக்கவில்லை. "துரைக்கு இன்னாடி பதில் சொன்ன?" என்றாள்.

கதவைச் சாத்தினேன். அவள் எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சொல்ல ஆரம்பித்தேன்.