டிரினிடாட் தீவில் ஒரு பித்தளைச் சொம்பு

இம்மடலில் எழுதப்போவன:

1. கப்பலில் போன ஒருவன் தீவில் கிடைத்த விடுமுறையில் மியூசியம் பார்க்கப் போவானா என்ற ஐயம்.
2. அங்கே நீ கண்டதாகச் சொன்ன சொம்பு பற்றிய ஐயம்.
3. உன் அக்காள் உன்னை நம்பினாள் என்பது. இதில் மட்டும் ஐயமில்லை.

வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது. நீ இருந்தால் சிரிப்பாய்.

இன்று காலை ரயிலடியில் கரும்புப்பாகு பீப்பாய் ஒன்று உடைந்து வழிந்தது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் உன் டிரினிடாட் கதை நினைவுக்கு வந்தது. தீவு முழுதும் அந்த வாடைதான் என்றாய். நீ மறைந்து ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. என் கேள்விகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அரிசிக் கப்பலில் சரக்குக் குமாஸ்தாவாகப் போனாய். அங்கே இயந்திரம் பழுதாகி, சரியாகும்வரை உங்களுக்கெல்லாம் விடுமுறை. மற்றவர்கள் சாராயக்கடை தேடியபோது நீ மட்டும் சரித்திர மியூசியங்களைச் சுற்றினாயாம். பட்டணத்தில் ஒன்று, பழைய கரும்புத் தோட்டத்து மாளிகையில் ஒன்று. ரங்கூனில் மியூசியத்துக்கு நான் அழைத்தபோதெல்லாம், “செத்த காலேஜுல நமக்கு என்னண்ணே வேலை?” என்று நழுவியவன் நீ.

அந்தத் தீவுக்குத்தான் உன் அக்காளின் கணவர் ஒப்பந்தக் கூலியாகப் போயிருந்தார். அந்த முறையே ஒழிந்த பின்னும் அவர் திரும்பவில்லை, சேதியும் இல்லை. அவருடைய கடைசிக் கடிதம் இங்கே ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் ஓர் ஒழுகும் அறைக்கு வந்ததால், அந்த அறையை விட்டு அவள் நகர மறுத்தாள். “வந்தா தேடுவாரே” என்பாள். பொட்டோடும் தாலியோடும் காத்திருந்தாள்.

நீ திரும்பி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். கால் விலங்குகள், கரும்பாலை உருளைகள், துரைமார் படங்கள் என்று அடுக்கினாய். பிறகு குரல் தாழ்ந்தது.

“கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு பித்தளைச் சொம்புக்கா. கழுத்துல நம்ம அப்பா பேரு வெட்டியிருக்கு. உன் கல்யாணச் சீரு, மாமா எடுத்துட்டுப் போனது. காவக்காரனக் கேட்டேன். காய்ச்சல்ல செத்துப்போன கூலியாளோடதுன்னான்.”

அவள் அழவில்லை. “எவ்ளோ பெருசு?” என்றாள். நீ கையால் காட்டினாய்.

“நல்லா வெளக்கி வச்சிருக்காங்களா?”

“பளபளன்னு இருக்குக்கா.”

மறுநாள் பசுந்தாங் ஓடையில் நீ எள்ளும் நீரும் இறைத்தாய். அவள் பொட்டை அழித்தாள். விரைவிலேயே அறையைக் காலி செய்து, ரங்கூனிலேயே தாமுவே பேட்டையில் இட்டிலிக் கடை போட்டாள்.

எனக்கோ எதுவும் ஒட்டவில்லை. கூலியாளின் சொம்பைத் துரைமார் கண்ணாடிக்குள் வைப்பார்களா? பேசும்போது நீ அக்காளைப் பார்க்காமல் என் செருப்பையே ஏன் பார்த்தாய்? அவர் அங்கே வேறு குடும்பத்தோடு உயிரோடு இருக்கக் கண்டாயா? ஒருமுறை ஜாடையாகக் கேட்டேன். “அண்ணே, நீங்க சாமிகிட்டயே ரசீது கேக்குற ஆளு” என்று மழுப்பினாய். அதற்குமேல் கேட்க எனக்குத் துணிவில்லை. என் ஐயமே தவறாக இருக்கலாம் அல்லவா?

இதுவரை எழுதியதும் ஒன்று தோன்றியது. அந்தச் சீரில் வேறு பாத்திரம் மிச்சமிருந்தால், பெயர் வெட்டிய விதத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாமே. பேனாவை வைத்துவிட்டுத் தாமுவே போனேன். தயங்கித் தயங்கி உன் அக்காளிடம் கேட்டேன்.

“சீரா? எங்கப்பா குடுத்தது ரெண்டு மண்பானைண்ணே. பித்தளைக்கு எங்க போவாரு? தம்பி அப்ப கைப்புள்ள, அவனுக்கென்ன தெரியும்?”

“அப்ப, அன்னிக்கே உனக்குத் தெரியுமாம்மா?”

“சொம்புன்னு வாயெடுத்தப்பவே தெரிஞ்சிபோச்சு. அந்த மனுசன் எங்கயோ சௌக்கியமா இருக்கான், அத எங்கிட்ட சொல்ல முடியாம இவன் சாகடிக்கிறான்னு. அத்தன கடலத் தாண்டி எனக்குன்னு ஒரு பொய்யச் சுமந்துட்டு வந்திருக்கான். கீழ போடுடான்னா சொல்ல முடியும்?”

சொல்லிவிட்டு, எனக்குச் சட்னி போதுமா என்று கேட்டாள்.

வீடு திரும்பி இதை முடிக்கிறேன். அவரை உயிரோடு கண்டபின், அவரைச் சாகவைக்க ஏற்ற இடம் தேடித்தான் நீ மியூசியம் மியூசியமாக அலைந்திருப்பாய் என்று இப்போது நினைக்கிறேன். இதுவும் ஐயமே. அவளுக்குத் தெரிந்திருந்தது உனக்குத் தெரியாமலே போய்விட்டாய். அதை உன்னிடம் சொல்ல வழியில்லாமல் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கத்தில் வரிசைப்படுத்தி எழுதியதை அடிக்கவில்லை. மூன்றாவது தவறு.