பயணம் ஒத்துக்கொள்ளாதவள்

ஜான்சி
10.1.2025

அன்புள்ள சுந்தரேஸ்வரிக்கு,

உன் சீனித்தாய் எழுதுவது. காதைத் தவிர மற்றபடி சுகம். போனில் நீ பேசுவது பாதி கேட்பதில்லை. நான் கத்துவது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்கிறது. அதனால் மறுபடியும் பேனாவை எடுத்துவிட்டேன்.

மார்ச் கடைசியில் ரயில்வேயில் ஓய்வு பெறுகிறேன். நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகள் அன்றைக்கு ஒரு ஹாக்கி ஆட்டம் வைத்து, என்னையும் கோல் காக்க நிறுத்தப்போகிறார்களாம். அதைப் பார்க்க நம் பழைய டீமிலிருந்து ஒருத்தி வேண்டாமா? வேலைக்கு வந்த நாளிலிருந்து கூப்பிடுகிறேன், ஒரு தடவை வந்திருக்கிறாயா? கோவில்பட்டியில் ஏறினால் ஜான்சியில் இறங்கலாம். வண்டி மாற வேண்டியதில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சீனி

கோவில்பட்டி
25.1.2025

அன்புத் தோழி சீனிக்கு,

கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். உளுந்து எடுத்து முடித்தாயிற்று, பருத்தி வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. எங்கள் ஆயுர்வேத மருந்துக் கடையில் பனிக்கால இருமல்காரர்கள் கூட்டம்.

நீ கூப்பிட்டதே வந்த மாதிரி. ஆனால் எனக்குத்தான் தூரப் பயணம் ஒத்துக்கொள்ளாதே. வண்டியில் உட்கார்ந்தாலே வயிறு உப்புகிறது, கால் வீங்குகிறது. ஓய்வு பெற்றதும் நீ இங்கே வந்துவிடு. வழிப் பயணத்துக்காக உனக்கு ஒரு பார்சல் அனுப்புகிறேன். பெருங்காயம் சேர்த்த அஷ்ட சூரணத்தைச் சாப்பாட்டின் முதல் கவளத்தில் நெய்யோடு பிசைந்து சாப்பிடு, வயிறு மந்தமாகாது. படுக்கும் முன் திரிபலாவை வெந்நீரில் கலந்து குடி. உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய். ஜன்னல் காற்று காதில் படாமல் பஞ்சு வைத்துக்கொள். ரயில் கக்கூஸுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வராதே.

அன்புடன்,
சுந்தரி

ஜான்சி
9.2.2025

சுந்தரி,

பார்சல் வந்தது. பிரித்ததும் வீடு முழுக்கப் பெருங்காய வாசனை. அந்த வாசனையில் எனக்கு நாக்பூர் ஸ்டேஷன் ஞாபகம் வந்துவிட்டது.

குவாலியர் போட்டிக்குப் போனோமே, முதல் நாள் வாங்கிய புளிச்சோறு கெட்டுப்போய், விடியும்போது டீமில் பாதிப்பேர் சுருண்டு கிடந்தோம். நீ டீக்கடைக்காரரிடம் சைகையிலேயே பேசி வெந்நீர் வாங்கி வந்தாய். உங்கள் தெரு வைத்தியர் கட்டிக்கொடுத்த சூரணத்தைக் கலக்கி ஒவ்வொருத்தி வாயிலும் ஊற்றினாய். பிறகு ஓமக் கஞ்சி. மறுநாள் எழுந்து ஆடினோம். உன் வலது ஓரத்து ஓட்டத்தைப் பார்த்துத்தான் ரயில்வேக்காரர்கள் உனக்கும் எனக்கும் சேர்த்து வேலைக்கான தபால் அனுப்பினார்கள்.

அத்தனை பேரையும் சேதமில்லாமல் கூட்டிப்போய்க் கொண்டுவந்தவளுக்கா பயணம் ஒத்துக்கொள்ளாது? என்மேல் கோபமென்றால் கோபம் என்றே எழுது.

சீனி

கோவில்பட்டி
2.3.2025

சீனிக்கு,

உன் கடிதத்தைப் பல நாள் கடையிலேயே வைத்திருந்தேன்.

உன்மேல் கோபமில்லை. வேலைக்கான தபால் வந்தபோது "பொட்டப்பிள்ளய அம்புட்டுத் தூரம் அனுப்ப மாட்டேன்" என்று அப்பா சொன்னது உனக்குத் தெரியும். உன்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்து, சிரித்துக் கையசைத்தேன். அதற்குப் பிறகு நான் ஹாக்கி மட்டையைத் தொட்டதில்லை. ரயில்வே மைதானத்தில் நீ கோல் காப்பதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அதற்கு வயிறும் காலும் நல்ல சாக்காக அமைந்தன. சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரரிடம்கூட இதுவரை சொன்னதில்லை. முந்தாநாள் சொன்னேன். தராசைக் கீழே வைத்தார். பிறகு, "வேலையத்தான் அன்னைக்கு விட்டுட்டே. சிநேகிதியையும் விடணுமா? போயிட்டு வா, கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. உனக்கு எழுதிய பத்தியத்தை எல்லாம் இப்போது எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டேஷனுக்கு வா. பார்த்ததும் அழாதே, நானும் அழுதுவிடுவேன்.

சுந்தரி

திரும்பும் ரயிலில்
2.4.2025

என் சீனிக்கு,

வண்டி ஆட்டத்தில் எழுத்தும் ஆடுகிறது, பொறுத்துக்கொள். நீ வாங்கிக்கொடுத்த ஆரஞ்சு இனிப்பாக இருக்கிறது. அவர் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் போன் போட்டு, சாப்பிட்டாயா என்கிறார். வயிறும் காலும் ஒரு தொந்தரவும் செய்யவில்லை.

மைதானத்துக்குள் நுழைந்தபோது, திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நீயோ என்னை யாரென்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தாய். ஒருத்தி ஓடிவந்து மட்டையை நீட்டினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வலது ஓரத்தில் நின்றேன். என்னால் பாதித் தூரம்தான் ஓட முடிந்தது, அதற்குள் மூச்சு வாங்கியது. ஆனால் பந்து காலடிக்கு வந்ததும் கைக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

நான் அடித்த பந்து உனக்கு இடப்பக்கம் போய் வலையில் விழுந்தது. நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, இன்னும் இடப்பக்கமாத்தான் அடிக்கே" என்றாய்.

நீ வேண்டுமென்றே விட்டுவிட்டாய் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. எனக்காகக்கூட நீ ஒரு கோல் விட்டுத்தர மாட்டாய்.

உன்,
சுந்தரி