பாதி எடை வாரம்

பெரியவனின் அம்மாவுக்கு,

இங்கே நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறாய்?

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன். வலது தோளில் சின்னப் பிடிப்பு, அவ்வளவுதான்.

வரும் திங்கட்கிழமை இருபத்தைந்து கிலோ பெட்டியை மார்பு வரை தூக்கிக் காட்டினால்தான் கிடங்கில் வேலை நீடிக்கும். அதற்காகத்தான் ஒன்றரை மாதமாக ஜிம்முக்குப் போனேன். தூக்கிய எடையைத் தினமும் நோட்டில் குறித்துவந்தேன். போன வாரம் பயிற்சியாளர், "ஐயா, இந்த வாரம் பாதி வெயிட்தான். உடம்பு களைச்சிருக்கு, தேறட்டும்" என்றார்.

"இருக்கிற பலமும் போயிடுமேப்பா?" என்றேன்.

"ஒரு வாரத்துலயா? பலம் என்ன, சொல்லாம கொள்ளாம ஓடிப்போற ஆளா ஐயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனம் கேட்கவில்லை. அவர் இல்லாத நேரம் பார்த்துப் போய் முழு எடையையும் தூக்கினேன். மூன்றாம் நாள் தோள் பிசகிவிட்டது. இப்போது அந்தக் கையால் தண்ணீர் டம்ளரைக்கூட எடுக்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் யார் சொன்னாலும் கேட்டவன், கேட்டே ஆகவேண்டிய ஒரு வாரத்தில் கேட்காமல் போனேன்.

முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை இரண்டு அனுப்பு. பனியனைத் தலைவழியாக மாட்ட முடியவில்லை, உதவிக்குக் கூப்பிட அறையில் ஆளும் இல்லை.

வேண்டாம், அனுப்பாதே. அது வந்து சேரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். நம் வீட்டு வாசலில் நான் வந்து நின்றால், என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் எதிரில் மட்டும் கேட்காதே.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன்னவன்