தேய்ந்த ஊசி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆபீஸ் டீயிலேயே வண்டி ஓடுகிறதா?

அப்பாவுக்கு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் பத்தாம் தேதி சேர்க்கிறோம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. காது கேட்காதவருக்கு இதை எப்படித் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவது? கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள் என் மனைவி.

அவருடைய பழைய ரெக்கார்ட் பிளேயரை ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்கிறார். ஆறு வருஷமாக யாரும் தொடாத பொருள். போட்டுப் பார்த்தேன், பாட்டு கரகரவென்று வருகிறது. ஊசியோடு, அது பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டுமாம். கடைக்காரர் இருபது வகை சொல்லித் தலையைச் சுற்ற வைத்துவிட்டார். வானொலி நிலையத்தில் பழைய இசைத்தட்டுகளோடு குடித்தனம் நடத்துகிறவள் நீ. எதை வாங்கட்டும்?

அன்புடன்,
தம்பி

ஜூன் 9

அன்புள்ள பட்டாணிக்கு,

காரியம் என்றால்தான் உனக்கு அக்கா ஞாபகம் வரும். போகட்டும்.

அந்தப் பிளேயரில் ஊசியைத் தாங்கும் கை கனமானது. இப்போது வருகிற மெல்லிய ஊசிகள் எல்லாம் அதற்கு ஒத்துவராது. உருண்டை முனையா, நீள்வட்ட முனையா என்று பழையதைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இரண்டு குட்டி ஸ்க்ரூ, நாலு வண்ண ஒயர், அவ்வளவுதான். பதமாகக் கழற்றி, பஞ்சில் சுற்றித் தபாலில் அனுப்பு. உன் முரட்டுக் கையை நினைத்தால்தான் பயம்.

அப்பாவை விசாரித்ததாகச் சொல். சரி, எழுதிக் காட்டு.

உன் அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் கார்ட்ரிட்ஜ். ஒயர் ஒன்றுகூட அறுபடவில்லை, முரட்டுக் கை என்று இனிமேல் சொல்லாதே. இதைக் கழற்றிய நாளிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. வயசாகிறது, வேறென்ன.

தம்பி

ஜூன் 20

தம்பி,

ஊசியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முனை இரண்டு பக்கமும் மழுங்கித் தட்டையாகப் பளபளக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் அம்மா இறந்தபோது, நான் இங்கே திரும்புமுன் என் கையால் புதிதாகப் போட்ட ஊசி இது. அடுத்த மாதமே காய்ச்சலில் அப்பாவுக்குக் காது போயிற்று. இப்படித் தேய ஆயிரம் மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும். இருபது வருஷமாக ஊசி பார்க்கிறேன், இதில் தப்பு வராது.

நீங்கள் இருவரும் ஆபீஸ் போனபிறகு வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தானே? அவர் எதிரில் என்னவெல்லாம் பேசினீர்கள்?

அக்கா

ஜூன் 25

அக்கா,

கடிதத்தைப் படித்ததும் அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா ஜன்னலோரம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சாதாரணக் குரலில், "ஊசி மாத்தணுமாம்ப்பா. எது வாங்கலாம்?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "உருண்டை முனையே போதும். என் தட்டெல்லாம் பழசு, அதுக்கு அதுதான் சரிப்படும்" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவர்தான் பேசினார். "மூணு மாசம் நெஜமாவே கேக்கலடா. அப்புறம் தானா சரியாச்சு. அதுக்குள்ள நீங்க எங்கிட்ட பேசறதையே விட்டுட்டீங்க. சரி, தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்துட்டேன்."

இல்லத்தில் சேர்க்கிற பேச்சு எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தானே பேசினோம், அக்கா. போன் ஸ்பீக்கரில் நீ, "சரி, உன் இஷ்டம்" என்று சொன்னபோது அவர் என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் எழுந்தபோது ஒன்று கேட்டார். "நான் போற எடத்துல, கட்டில் பக்கத்துல பிளக் பாயிண்ட் இருக்கான்னு கேட்டியா?"



தம்பி

ஜூன் 30

தம்பிக்கு,

ஆறு வருஷம் உன்னிடம் போனில் பேசினேன். "அப்பாகிட்ட குடு" என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

உருண்டை முனை கார்ட்ரிட்ஜ் வாங்கிவிட்டேன். பெட்டிமேல் அப்பா பெயரை எழுதியாயிற்று. கீழே முகவரி மட்டும் எழுதவில்லை. உன் வீடு இருக்கிறது, அந்த இல்லம் இருக்கிறது, என் வீடும் இருக்கிறது. எங்கே அனுப்பட்டும் என்று அவரிடமே கேட்டு எழுது.

சீட்டு நீட்டாதே. வாயால் கேள்.

அக்கா