அலுமாரி நகர்ந்தது, விலாசம் மாறவில்லை

10.7.2007 செவ்வாய்
கச்சான் காற்று. கண்ணெல்லாம் மணல். உப்புவெளியிலிருந்து சைக்கிள். சோதனைச் சாவடியில் முக்கால் மணித்தியாலம்.

வெள்ளி ஜாவா செயன்முறைப் பரீட்சை. எங்கள் கொம்பியூட்டர் பயிற்சி நிலையத்தில் ஒரு போதனாசிரியர் இடம் காலி. யாருடைய புரோகிராம் பிழையில்லாமல் ஓடுகிறதோ அவருக்கே என்று படிப்பிக்கும் சேர் சொல்லிவிட்டார். எனக்கு வேண்டும். வேண்டும், வேண்டும்.

என்னுடையது எங்கள் கரைவலைச் சங்கத்துக்கு. எந்த நாள் எந்தச் சம்மாட்டியின், அதாவது வலைச் சொந்தக்காரரின், வலை கடலில் இறங்கும் என்ற முறைப் பட்டியல். ஒவ்வொரு சம்மாட்டியும் ஓர் ஒப்ஜெக்ட். அவர்கள் தங்களுக்குள் முறை மாற்றுவது வழக்கம். அன்ரனி மாமாவுக்குத் திருவிழா என்றால் அவருடைய முறையை அப்பா எடுப்பார். அதற்கொரு மெதட் எழுதினேன். இரண்டு பேரையும் அனுப்புகிறேன், உள்ளே இடம் மாறுகிறார்கள், வெளியே வந்து பார்த்தால் பழையபடி. பிசாசு.

ஆனால் வலை நீளத்தைத் திருத்தும் மெதட் ஒழுங்காக வேலை செய்கிறது!

11.7 புதன்
சேரிடம் கேட்டேன். "ஒப்ஜெக்ட் எண்டா ரெஃபரன்ஸாத்தான் போகும் பிள்ளை, பிரதியில்லை, அசல்தான். மாறத்தான் வேணும். எங்கயோ எழுத்துப் பிழை விட்டிருக்கிறீங்கள்."

நான்கு தரம் பார்த்தேன். இல்லை. பக்கத்துக் கொம்பியூட்டர் றிஸானா: "சேர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும், விடு." விடுகிற ஆளா நான்.

கரண்ட் இல்லை, 2 - 4.
சோப்பு. அம்மாவுக்கு இருமல் மருந்து. ரயர் ஒட்ட.

12.7 வியாழன்
காலையில் வீட்டுச் சோதனை. சாவடியில் நாங்கள் கொடுத்த குடும்ப அட்டைப் பிரதியோடு, விலாசம் பார்த்து ஆமிக்காரர் வந்தார்கள். அலுமாரியை இழுத்துப் பின்னால் பார்த்துவிட்டு, ஜன்னலை மறைத்தபடியே விட்டார்கள். போகும்போது ஒருவர் அந்தப் பிரதியில் எங்கள் இலக்கத்தை வெட்டி, அடுத்த வீட்டு இலக்கத்தை எழுதிக்கொண்டு போனார்.

அம்மா: "ஐயோ, எங்கட இலக்கத்தை வெட்டிப்போட்டானப்பா!"
அப்பா: "அவன்ர தாளில வெட்டினா எங்கட அட்டைக்கு என்ன வந்தது?"

அலுமாரியைத் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றேன்.

அதுதான்! மெதட்டுக்குப் போவது விலாசத்தின் பிரதி. அதைப் பார்த்து வந்து உண்மையான அலுமாரியை நகர்த்தலாம்: வலை நீளம் மாறும். பிரதியில் வேறு விலாசம் எழுதினால் என் அட்டை மாறாது: முறை மாறாது. வெறும் எண்ணை அனுப்பினாலும் அதன் பிரதிதான். ஜாவாவில் எல்லாமே பிரதிதான்!

கத்திவிட்டேன். அம்மா: "பிள்ளைக்கு விசர் பிடிச்சிட்டுது."

பகல் நிலையத்தில்: பட்டியலையே அனுப்பி, அதற்குள் இரண்டு இடங்களையும் மாற்றினேன். ஓடியது.

13.7 வெள்ளி
எல்லார் முன்னும் முதலில் பழைய மெதட். மாறவில்லை. பிறகு புதியது. அப்பாவின் நாள் அன்ரனி மாமாவுக்கு! சேர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார். காரணம் சொன்னேன். நம்பாமல் தானே ஒன்று எழுதிப் பார்த்தார். மூன்று தரம்.

"ஓம். ஆறு வருஷமாப் பிழையாப் படிப்பிச்சிருக்கிறன்." பிறகு: "திங்கட்கிழமை வகுப்பை நீங்கள் எடுங்கோ, டீச்சர்."

டீச்சர்!! றிஸானா கிள்ளியதில் கை சிவந்துவிட்டது. சந்தோஷம், சந்தோஷம். வேறு எழுத ஏலாது.

16.7 திங்கள்
சேலை. சைக்கிளில் பெரும் பாடு. வகுப்பில் பேனை விழுந்தது. முதல் வசனம்: "போன கிழமை உங்களுக்குச் சொல்லித் தந்தது பிழை."

கடைசி வாங்கில் சேர். குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.