தெளிந்த வானத்தில் திரும்பிப்போன கப்பல்

லெர்விக், ஷெட்லாந்து
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை மெர்ரனுக்கு,

அக்கா ஓஸ்லா எழுதுவது. இந்நேரம் கேட்ஸ்ஹெட்டில் உன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாய். காலுக்கடியில் தரை ஆடாமல் நிற்கிறது என்று நம்புகிறேன். நீ ஊர் ஊராகக் கப்பலில் சுற்றிக்கொண்டிருந்தபோது எந்த முகவரிக்கு எழுதுவது என்று தெரியாமல் பொறுத்திருந்தேன். தொலைபேசியில் பேசலாம் என்றால் உன் காது அதற்கு ஒத்துக்கொள்ளாது. நான் கத்த, நீ பாதியைக் கேட்டுக்கொண்டு மீதியை நீயே இட்டுக் கட்டிக்கொள்வாய். கைபேசிச் செய்தியில் அடங்குகிற விஷயமும் இல்லை. அதனால் உட்கார்ந்து நிதானமாகவே எழுதுகிறேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். காற்று மேற்கே திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் கோழிக்கூண்டு மறுபடியும் என் வேலியில் வந்து சாய்ந்து கிடக்கிறது. அவர் வந்து எடுத்துப்போகிற மாதிரி தெரியவில்லை. எனக்கும் அதைத் தூக்கத் தெம்பில்லை.

முதலில் கப்பல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கப்பலிலிருந்து நீ அனுப்பிய செய்திகளையெல்லாம் படித்தேன். மாடிப்படிக் கைப்பிடிகளில் வாந்திப் பைகளைச் செருகி வைத்த பிறகுதான் கேப்டன் ஒலிபெருக்கியில் வந்து, "சற்றே அசைவு இருக்கலாம்" என்று இனிமையாகச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். உன் சிநேகிதி டோரீன் குமட்டலுக்கு நல்லதென்று பச்சை ஆப்பிளைக் கடித்தபடி சுருண்டு படுத்ததைப் படித்துச் சிரித்தேன், மன்னித்துக்கொள். இந்த யோசனையே அவளுடையதுதானே? இலையுதிர் காலத்தில் கூட்டம் இருக்காது, விலையும் இறங்கும் என்று உன்னைக் கிளப்பியவள் அவள். அந்த விளம்பரத் தாளில் நம் ஊர்ப் படத்தை நானும் பார்த்தேன். அது ஜூன் மாதத்தில் எடுத்த படம். செப்டம்பர் போய்விட்டால் நம் கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று உனக்குத் தெரியாதா? இங்கே பிறந்தவள்தானே நீ?

அந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே வெயில் அடித்தது. பொய் சொல்லவில்லை. காற்று என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. துறைமுகத்தில் கொடி கூட அசையவில்லை. நான் காலையிலேயே எழுந்து பானக் ரொட்டி சுட்டு, உப்புக்கண்டம் போட்ட ஆட்டிறைச்சி சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, காரைத் துறைமுக ஓரத்தில் நிறுத்திக் காத்திருந்தேன். உன் கப்பல் வெள்ளைவெளேரென்று தெற்கு வாயிலில் வந்து நின்றது. கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுக பைலட் அதில் ஏறி உள்ளே கூட்டி வருவதற்காகப் படகு போயிற்று. கரையிலிருந்தே பார்த்தேன். படகு கப்பலை நெருங்கும், ஒரே தூக்காக மேலே போகும், கயிற்றேணி தண்ணீருக்குள் முங்கும், படகு விலகும். மறுபடி போகும். மறுபடி விலகும். டென்மார்க் பக்கம் முந்தின நாள் அடித்த புயல் ஓய்ந்துவிட்டது. ஆனால் அது கிளப்பிவிட்ட அலை மட்டும் தென்கிழக்கிலிருந்து சத்தமில்லாமல் வந்துகொண்டே இருந்தது. அப்படிப்பட்ட அலையில் பைலட்டே ஏற முடியாதபோது, உங்களையெல்லாம் சிறு படகுகளில் இறக்கிக் கரைக்கு அனுப்புவது எப்படி? கப்பல் மெதுவாகத் திரும்பிற்று. என் பக்கத்தில் நின்ற சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர், இவ்வளவு நல்ல நாளில் இவனுக்கு என்ன பயம் என்று கேப்டனைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். வாய்விட்டே திட்டினேன்.

அப்போதுதான் உன் செய்தி வந்தது. "ஊர் கண்ணுக்குத் தெரியுது. நம்ம தெரு கூட தெரியுது. திருப்பிட்டாங்க. அண்ணனுக்கு இப்போ குளுகுளுன்னு இருக்கும்னு சொல்லு."

அதற்குப் பதில் எழுதத்தான் இந்தக் கடிதம்.

அண்ணனுக்குக் குளுகுளுவென்று இல்லை, மெர்ரன். நீ அப்படி நினைத்ததில் எனக்கு வருத்தம். ஆனால் ஏன் நினைத்தாய் என்றும் தெரியும். அம்மாவின் அடக்கத்துக்குக் கடல் தணியட்டும் என்று நீ அபர்டீனில் காத்திருந்தாய். இரவுப் படகு உன்னை விட்டுவிட்டுப் புறப்பட்டு வந்தது. கல்லறையிலிருந்து திரும்பியதும் அவர் எல்லார் முன்னாலும், "படகு கெளம்பிச்சு. அவதான் கெளம்பல," என்றார். அதை யாரோ உனக்குச் சொல்லி வைத்தார்கள். அதோடு உங்கள் பேச்சு நின்றது. இத்தனை வருடமாக இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி நான்தான். எனக்கும் அலுத்துவிட்டது.

ரொட்டிக் கூடையோடு வீட்டுக்குத் திரும்பினேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். காலையில் நான் சவரம் செய்துவிட்டிருந்தேன், நல்ல கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே, பைலட் ஏணியைத் தொட்டானா என்று கேட்டார். இல்லை என்றேன். தொட மாட்டான், வியாழக்கிழமையே தெரியும் என்றார்.

எனக்குக் கேட்டதும் புரியவில்லை. பைலட் படகை அத்தனை வருடம் ஓட்டிய மனிதர், இன்னமும் தினம் காலையில் வானிலைக்காரர்கள் போடும் அலைப் படத்தைப் பார்க்காமல் தேநீர் குடிக்காதவர். நான் காற்றைத்தான் பார்த்தேன், காற்று இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். அவர் அலையைப் பார்த்திருக்கிறார். நீ வெள்ளிக்கிழமைதான் கப்பல் ஏறினாய். அதற்கு முதல் நாளே கப்பல் இங்கே நுழையாது என்று தெரிந்துகொண்டு, என்னை மாவு பிசைய விட்டு, சவரத்துக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கூடையை மேசையில் போட்ட போட்டில் ரெண்டு ரொட்டி தரைக்கே போய்விட்டது. ஏன் சொல்லவில்லை, அவளைச் சும்மா அலைக்கழிப்பதில் அப்படி என்ன சந்தோஷம் என்று கேட்டேன்.

அவருக்கு இப்போது ஒரே மூச்சில் பேச வராது. நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார்.

"சொல்லியிருந்தா நீ ஒடனே அவளுக்குத் தெரியப்படுத்தியிருப்ப. அவ ஏறியிருக்க மாட்டா. அவ ஏறணும்னு எனக்கு இருந்துச்சு."

மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டு, "கப்பல் வரல. அது கப்பல்காரன் பாடு, அவன் செஞ்சதும் சரிதான். அவ கெளம்பினால்ல? எனக்கு அது போதும்டி," என்றார்.

உன் செய்தியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். குளுகுளு என்ற இடத்தை மறைக்கலாமா என்று யோசித்தேன், மறைக்கவில்லை. நம்ம தெரு கூடத் தெரியுது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு சூப் கேட்டார். ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார், அது இந்த மாதத்தில் அதிசயம். கீழே விழுந்த ரொட்டியைத் துடைத்துத் தின்றவர் கூட அவர்தான்.

போதும் என்று அவர் சொன்னார். எனக்குப் போதவில்லை, மெர்ரன். அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் இன்றிரவுத் தபால் கட்டும் நேரம் ஆகிவிட்டது, முடித்துக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். டோரீனுக்கு என் விசாரிப்பு.

வியாழக்கிழமை

மேலே எழுதியது இன்னும் என் மேசையிலேயே இருக்கிறது. செவ்வாய் இரவும் புதன் இரவும் படகு விடவில்லை. தபால் போகவில்லை, கடையில் பால் தீர்ந்துபோயிற்று, ரொட்டி வைக்கும் தட்டெல்லாம் காலி. இன்றிரவு விடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் உறையை ஒட்டாமல் தொடர்கிறேன்.

நேற்றுக் காலை அண்ணனை மருத்துவமனையில் சேர்த்தோம். பயப்படாதே என்று எழுத ஆரம்பித்தேன், அடித்துவிட்டேன். அந்த அடித்தலைத்தான் நீ மேலே பார்க்கிறாய். சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. போன மாதம் வரை மருத்துவர் கிறிஸ்துமஸுக்கு என்ன செய்யலாம், வசந்தத்தில் தோட்டத்தில் எப்படி உட்கார வைக்கலாம் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். நேற்று அப்படி எதுவும் பேசவில்லை. அண்ணனுடைய படுக்கையைக் கடல் தெரியும் ஜன்னல் பக்கம் மாற்றித் தரட்டுமா என்று மட்டும் கேட்டார்.

ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "போயி அவளக் கூட்டிட்டு வா," என்றார். நான் உங்களை விட்டுவிட்டுப் போவதா என்று கேட்டேன். "நீ இங்க உக்காந்து என்ன செய்யப் போற? நர்ஸ் இருக்கா. தனியா வரச் சொன்னா அவ வர மாட்டா. போ," என்றார். அவர் மனதில் அவ்வளவு நாளும் இது இருந்திருக்கிறது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். வரும் செவ்வாய் இரவுப் படகில் நான் அபர்டீனுக்குப் புறப்படுகிறேன். புதன்கிழமை ரயிலில் நீ வந்துவிடு. சாயங்காலம் துறையில் பயணிகள் வாசலில் நிற்பேன், பச்சைக் கோட்டுப் போட்டிருப்பேன், உனக்குத் தெரியாமல் போகாது. அறையில் ரெண்டு படுக்கை எடுத்துவிட்டேன். படகின் நடுப்பகுதி, கீழ்த்தளம், ஆட்டம் குறைவு. உன் பக்கத்தில் நான் படுப்பேன். வாளியை நான் பிடிக்கிறேன். ராத்திரி முழுக்க வாந்தியெடு, காலையில் ஊர் வந்துவிடும். காதுக்கு விமானம் ஆகாது, வயிற்றுக்குப் படகு ஆகாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் எழுதவில்லை.

கடல் எப்படி இருக்கும் என்று நீ முதலில் அதைத்தான் பார்ப்பாய். பார்த்துவிட்டேன். நன்றாக இருக்காது. தென்மேற்குக் காற்று, வழி முழுக்கப் பெரிய அலை. அண்ணனிடம் கேட்டேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவரைப்போல மறைக்கப் போவதில்லை. உனக்குத் தெரிந்தே நீ ஏற வேண்டும். அதற்கடுத்த வாரம் தணியும் என்று வானிலைக்காரர்கள் சொல்கிறார்கள்.

அன்றிரவு படகை விடாவிட்டால் அபர்டீனில் எங்காவது அறை எடுத்து விடுகிற வரைக்கும் ரெண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். மெர்ரன் என் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று மருத்துவமனைக்குச் சொல்லியனுப்புவேன். அதையாவது அவர் கேட்கட்டும்.

பெட்டியில் கனமான சட்டை வை. கறுப்பு உடை ஒன்றும் வை, எதற்கு என்று கேட்காதே. கடவுள் உன்னை வழியில் காப்பாற்றட்டும். அந்த அடுத்த வாரத்துக்காக மட்டும் காத்திருக்காதே, கண்ணு.

உன் வருகைக்கு வாசலில் நிற்கும்
அக்கா
ஓஸ்லா